கொலராடோ பனிமலைகளில் பனிச்சரிவு அபாயத்தைக் கணித்து நடக்கும் முறை: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டியோட்டினால் லவ்லேண்ட் கணவாய்க்கோ பெர்தூட் கணவாய்க்கோ போய்விடலாம். இரண்டும் 3,400 மீட்டருக்கு மேல் இருப்பவை. அங்கே ஸ்னோஷூவை (பனியில் கால் புதையாமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டும் அகலமான சட்டம்) வாடகைக்கு எடுத்துக்கொண்டு நடக்க வரும் புதியவர்களுக்கு, குறிப்பாகப் பனியே காணாத ஊர்களிலிருந்து வந்த நம்மவர்களுக்கு, பனிச்சரிவு என்பது செங்குத்தான இடத்தில் சறுக்குபவர்களின் கவலை என்றும் நடப்பவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. அது தவறு. உயிர்ப்பலி வாங்கிய பனிச்சரிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, சிக்கியவரோ அவருடன் வந்தவரோ தம் எடையால் தூண்டிவிட்டவை. அந்த எடை சறுக்குப் பலகையின் மேல் இருந்தாலும் ஸ்னோஷூவின் மேல் இருந்தாலும் பனிக்கு வேறுபாடு கிடையாது.

இந்த வழிகாட்டி சறுக்கு விடுதிகளின் எல்லைக்கு வெளியே உள்ள நிலத்துக்கானது. எல்லைக்குள் பணியாளர்கள் அதிகாலையிலேயே வெடி வைத்துச் சரிவுகளைச் சோதித்துவிடுகிறார்கள். வெளியே அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

படிக்கும் முன் ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகள் வரிசைப்படி அமைந்தவை. பின்னால் வரும் படி முன்னால் எடுத்த முடிவைச் சுருக்கலாம், ஒருபோதும் விரிக்கக் கூடாது. முதல் நாள் இரவு வரைபடத்தைப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிய சரிவை, மறுநாள் வெயிலில் அழகாகத் தெரிகிறது என்பதற்காகத் திரும்பச் சேர்த்துக்கொள்வதே நான் கண்ட தவறுகளில் மிக அதிகமாக நடப்பது.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன் எனப்படும் அலைபரப்பி, பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஐந்து பேருக்கு இரண்டு மண்வாரி போதும் என்று சிக்கனம் பார்க்க இடமில்லை. உங்கள் பையில் உள்ள மண்வாரி உங்களைத் தோண்டப் போவதில்லை, அடுத்தவரைத்தான் தோண்டப்போகிறது. அந்த இரண்டு மண்வாரிகளை வைத்திருப்பவர்களே புதைந்துவிட்டால் மீதிப் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்.

பீக்கன்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியைக் கண்டுபிடிக்கும். மூன்று ஆன்டெனா உள்ளதையே வாங்குங்கள். தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை ஆல்கலைன் மின்கலங்களை மட்டும் போட வேண்டும். ரீசார்ஜ் செய்யும் மின்கலங்களில் மின்னழுத்தம் குறையும் விதம் வேறு என்பதால், கருவி காட்டும் மின்கல அளவை நம்ப முடியாமல் போகும். துழாவுகோல் குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளமும், மண்வாரி உலோகத் தகடும் கொண்டிருக்க வேண்டும். ஓடிவந்த பனி நின்றவுடன் இறுகி, கலவை காய்ந்த தரையைப் போல ஆகிவிடும். பிளாஸ்டிக் மண்வாரி அதில் உடைந்துபோகும்.

காற்றுப்பை பொருத்திய முதுகுப்பை, சிக்கியவரைப் பனியின் மேற்பரப்பில் மிதக்க வைக்க உதவுகிறது. ஆனால் மரத்தில் மோதுவதையோ பாறையிலிருந்து விழுவதையோ அது தடுக்காது என்பதால், மேற்சொன்ன மூன்றும் வாங்கிய பிறகே அதைப் பற்றி யோசிக்கலாம்.

பொருளைவிட முக்கியமானது பழக்கம். ஒருமுறை பூங்காவில் பயிற்சி செய்தபோது, இரண்டு குளிர்காலங்களாகத் துழாவுகோலைச் சுமந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் அதை உறையிலிருந்து எடுத்துப் பூட்டுவதற்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். பருவத் தொடக்கத்தில் ஒரு பீக்கனைத் துணிப்பையில் போட்டுப் புதைத்து, ஐந்து நிமிடத்துக்குள் கண்டெடுக்க வரும்வரை பழகுங்கள். மூன்று நாள் நடக்கும் தொடக்கநிலைப் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு ஒன்றிலும் சேர்ந்துவிடுங்கள். இந்த வழிகாட்டி அதற்கு மாற்று அல்ல.

2. முன்னறிவிப்பை எந்த வரிசையில் வாசிப்பது

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம், குளிர்காலத்தில் மறுநாளுக்கான முன்னறிவிப்பை முதல் நாள் மாலை 4:30 மணியளவில் வெளியிடுகிறது. மண்டல எல்லைகள் பனியின் நிலைக்கு ஏற்ப மாறக்கூடியவை என்பதால், போன வாரம் பார்த்த மண்டலத்தின் பெயரை நினைவில் வைத்துத் தேடாமல், போகும் இடத்தை வரைபடத்தில் தொட்டே படிக்க வேண்டும்.

புதியவர்கள் முதலில் எண்ணைப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். அபாய நிலைகள் ஐந்து: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 உச்சம். இதைத் தேர்வு மதிப்பெண் போல வாசித்து, 3 என்றால் ஐந்தில் நடுவாந்தரம் என்று எடுத்துக்கொள்வது பெரும்பிழை. ஒவ்வொரு படி ஏறும்போதும் அபாயம் சம அளவில் கூடாமல் மடங்காகக் கூடுகிறது. 3 என்றால் மனிதர் தூண்டும் பனிச்சரிவு நிகழவே வாய்ப்பு அதிகம் என்று பொருள். 4 வந்தால் மக்கள் தாமாகவே வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3 வரும் நாளில் வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி மின்னும், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். உயிரிழப்புகள் அந்த நிலையில் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில், இன்றைய சிக்கல் எந்த வகை என்று பாருங்கள். புயல் கொட்டிய புதுப்பனிப் பாளமா (பாளம் என்பது ஒட்டி இறுகி ஒரே தகடாக நழுவும் பனி), காற்று வாரிச் சேர்த்த பாளமா, வாரக்கணக்கில் ஆறாத நலிந்த அடுக்கின் மேல் கிடக்கும் பாளமா, ஈரப்பனியா, முகட்டில் தொங்கும் பனி விளிம்பா என்பதைப் பொறுத்து நீங்கள் தேட வேண்டிய அடையாளங்களே மாறிவிடும். இரண்டாவதாக, அது எந்தத் திசை பார்த்த சரிவுகளில், மர எல்லைக்கு (மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரம்) மேலா, ஒட்டியா, கீழா என்பதை முன்னறிவிப்பிலுள்ள வட்டப்படத்தில் பாருங்கள். மூன்றாவதாக, அது எவ்வளவு பெரிதாக வரும் என்பதைப் பாருங்கள். அளவு 2 ஒரு மனிதரைப் புதைத்துக் கொல்லப் போதுமானது. அளவு 3 ஒரு காரைப் புதைத்து நொறுக்கும், மரச்சட்ட வீட்டை இடிக்கும்.

ஒரே நாளின் அறிக்கை மட்டும் போதாது. முந்தைய ஐந்தாறு நாள்களின் அறிக்கைகளையும் சேர்த்துப் படியுங்கள். எண் 3-லிருந்து 2-க்கு இறங்கியிருக்கும், ஆனால் அதே நலிந்த அடுக்கு அடியில் அப்படியே இருக்கும். தூண்டும் வாய்ப்பு மட்டுமே சற்றுக் குறைந்திருக்கும்.

3. பனியடுக்கில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

இந்தப் படியைத் தாண்டிவிட்டுக் குழி தோண்டப் போகிறவர்கள், பார்த்ததற்குப் பொருள் தெரியாமல் திரும்புகிறார்கள்.

தரைமட்டத்தில் பனியின் வெப்பநிலை ஏறத்தாழ 0 டிகிரியில் நிற்கும். மேலே இரவுக் காற்று மைனஸ் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பனியின் கனம் 50 சென்டிமீட்டர் மட்டும் என்றால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 4 டிகிரி வேறுபாடு வருகிறது. கனம் 2 மீட்டர் என்றால் அது 1 டிகிரிதான். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற எல்லையைத் தாண்டினால், கீழிருந்து மேலேறும் நீராவி படிகங்களின் ஒட்டுதலைக் கரைத்து, அவற்றைத் தனித்தனிக் கோணப் படிகங்களாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரை போல விரலிடுக்கில் கொட்டும். உருட்டினால் உருண்டை பிடிக்காது. இங்குள்ளவர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்றே சொல்கிறார்கள்.

கொலராடோவில் அக்டோபரிலும் நவம்பரிலும் கொஞ்சமாகப் பனி விழுந்து, பிறகு பல நாள் வானம் தெளிந்து, இரவுகள் கடுமையாகக் குளிரும். அந்த மெல்லிய பனி, வெயில் படாத வடக்குச் சரிவுகளில் முழுக்கச் சர்க்கரையாகிவிடுகிறது. டிசம்பரில் வரும் பெரும்புயல் அதன் மேல் கனமான பாளத்தை அடுக்குகிறது. சர்க்கரையைக் கொட்டி அதன் மேல் கடப்பாக்கல்லைச் சாய்த்து வைத்ததைப் போன்ற இந்த அமைப்பு, வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் பருவம் முழுவதும்கூட ஆறாமல் இருக்கும். கடலோர மலைகளில் பனி கனமாகவும் வெப்பமாகவும் விழுவதால் பெரும்பாலும் சில நாளில் படிந்துவிடும். அங்கே பழகியவர்கள் “புயல் நின்று மூன்று நாளாகிவிட்டது, இனிப் போகலாம்” என்று சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

இரண்டாவது காரணி காற்று. வானத்திலிருந்து ஒரு துளிப் பனியும் விழாத நாளில்கூட, காற்று முகட்டின் ஒருபுறத்துப் பனியை வாரி மறுபுறத்தில் கொட்டும்; புயலைவிடப் பல மடங்கு வேகமாகவே கொட்டும். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் கிழக்குச் சரிவுகளில் பாளம் சேர்கிறது. நலிந்த அடுக்கு வடக்கில் நிலைக்கிறது, பாளம் கிழக்கில் தடிக்கிறது. இரண்டும் ஒன்றுகூடும் வடகிழக்குச் சரிவுகளை நடுக்குளிர்காலத்தில் நான் முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

4. வரைபடத்தில் சாய்வை அளத்தல்

பாளப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் பிறக்கின்றன. 38 டிகிரியை ஒட்டி அவை மிக அதிகம். 30-க்குக் கீழே பாளம் நழுவுவது அரிது. கால்டோப்போ போன்ற வரைபடச் செயலிகளில் சாய்வுக்கேற்ப நிறம் காட்டும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டு, நிறமில்லாத இடங்களின் வழியாக மட்டும் போகும் பாதை ஒன்றை முதலில் வரையுங்கள்.

இந்த நிறத்தை அப்படியே நம்பக் கூடாது. செயலி சில மீட்டர் கட்டங்களாகப் பிரித்துச் சராசரி எடுப்பதால், பத்து மீட்டர் உயரமுள்ள குட்டையான செங்குத்து அதில் மறைந்துபோகும். ஓடைக்கரையில் அப்படி ஒரு குட்டைச் சரிவு போதும். ஆளை ஓடைக்குள் தள்ளி மூடிவிடும். ஆகவே களத்தில் சாய்வுமானியால் அளந்து சரிபாருங்கள். கைப்பேசியிலேயே அந்தக் கருவி உண்டு.

அடுத்தது, பலரும் கோட்டைவிடும் இடம். நீங்கள் நிற்கும் தரை 15 டிகிரியாக இருக்கலாம். அதன் தலைக்கு மேல் 38 டிகிரிச் சரிவு இருந்தால், நீங்கள் நிற்பது அது பாய்ந்துவந்து நிற்கும் இடத்தில். இன்னும் மோசமான செய்தி, நலிந்த அடுக்கு தொடர்ந்து பரவியிருந்தால், கீழே சமதளத்தில் நடப்பவரின் எடையால் உண்டாகும் விரிசல் மேலே ஓடி மொத்தச் சரிவையும் இறக்கிவிடும். 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லேண்ட் கணவாய் அருகே ஷீப் கிரீக்கில் நடந்தது இதுதான். முன்னறிவிப்பைப் படித்து, வடக்குச் சரிவுகளில் ஆழமான நலிந்த அடுக்கு இருப்பதை அறிந்து, பாதுகாப்பான பகுதிக்குப் போவதற்காகவே அந்தச் சரிவின் அடிவாரத்தைக் கடந்துகொண்டிருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் சிக்கினர். ஐவர் இறந்தனர்.

எனவே வரைந்த பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அண்ணாந்து பாருங்கள். பனி தொடங்கும் உச்சி, நிற்கும் இடத்திலிருந்து சாய்வுமானியில் 18 டிகிரிக்குக் கீழே தெரிந்தால் பெரும்பாலும் அது உங்களை எட்டாது. அதற்கு மேலே போகப் போக எட்டும் வாய்ப்பு கூடும். மரங்களுக்கிடையே வழித்தடம் போல வெட்டவெளி கீழ்நோக்கி இறங்கினாலும், மலையுச்சியைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் ஒடிந்து அடிவாரத்தைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் மட்டும் எஞ்சிய மரங்கள் தெரிந்தாலும், அந்த வழியே பனி முன்பே வந்து போயிருக்கிறது.

கடைசியாக, விழுந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். குறுகிய ஓடைப் பள்ளம், சாலைக்காக வெட்டிய கரை, கீழே பாறைத் தலைப்பு, அடர்ந்த மரக்கூட்டம் ஆகியவை சிறிய பனிச்சரிவையும் உயிர்க்கொல்லியாக மாற்றுபவை. பள்ளத்தில் பனி ஆழமாகக் குவிகிறது. மரத்தில் மோதிய அடியாலேயே பலர் இறக்கின்றனர். இங்கே சிக்கி இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மூச்சுத்திணறலால் அல்லாமல் அடிபட்டே இறக்கிறார்.

5. முதல் நாள் இரவே முடிவை எழுதி வைத்தல்

ஒரு முதன்மைப் பாதை, அதைவிடச் சாய்வு குறைந்த மாற்றுப் பாதை, திரும்பும் நேரம், போகவே கூடாத சரிவுகளின் பெயர் ஆகிய நான்கையும் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது மலையில் மாறிவிடும். எழுதியதை மாற்றக் கொஞ்சம் கூச்சம் வரும். வராத ஒருவரிடமும் திட்டத்தையும் திரும்பும் நேரத்தையும் கொடுத்துவிடுங்கள்.

குழுவில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். நம் கூட்டங்களில் வயதிலோ பதவியிலோ மூத்தவர் முன்னால் நடந்தால் இளையவர் வாய் திறப்பதில்லை. “அண்ணன் போறாரே” என்று பின்னால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அண்ணனுக்கும் பனி புதிதுதான்.

6. வண்டி நிறுத்துமிடத்தில் பீக்கன் சோதனை

ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் ஒலிபரப்பு நிலையில் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். பிறகு அவர் ஒலிபரப்புக்கு மாற்றிக்கொள்வதை இன்னொருவர் உறுதிப்படுத்த வேண்டும். கடைசியாகச் சொன்ன இதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது.

பீக்கனைச் சட்டைக்கு மேலும் வெளிக்கோட்டுக்கு உள்ளும் அதற்குரிய வாரில் அணிய வேண்டும். பையில் வைத்தால் பனி பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கைப்பேசி, சூடேற்றும் கையுறை, காந்தப் பொத்தான் போன்றவை ஒலிபரப்பின்போது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். இவை பீக்கனின் அலையைக் குழப்பும்.

7. வழியில் கண்ணும் காதும் பார்க்க வேண்டியவை

நடக்கத் தொடங்கியதும் உங்கள் வேலை முன்னறிவிப்பைச் சரிபார்ப்பது. முதலில் தேட வேண்டியது, அண்மையில் விழுந்த பனிச்சரிவின் தடம். அதே திசையும் அதே உயரமும் கொண்ட சரிவு ஒன்று நேற்று விழுந்திருந்தால் வேறு சோதனை எதற்கும் அவசியமில்லை. மாற்றுப் பாதைக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டாவது, காலடியிலிருந்து பாயும் விரிசல். மூன்றாவது, ‘வும்ப்’ என்று அடிவயிற்றில் உணரும் ஒலி. பனி ஒரு நொடி இறங்கியது போல இருக்கும். புதியவர்கள் பலரும் இதைக் கேட்டு மகிழ்கிறார்கள்: பனி நன்றாக அமர்ந்துவிட்டதாம். உண்மையில் அந்த ஒலி, நலிந்த அடுக்கு நொறுங்கிப் பாளம் சரியத் தயாராகிவிட்டதன் ஒலி. நீங்கள் சமதளத்தில் இருந்ததால் அது நழுவவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு அன்று 30 டிகிரிக்கு மேற்பட்ட எந்தச் சரிவின் மேலும் அடியிலும் போகக் கூடாது.

நான்காவது, 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் புதுப்பனி விழுந்திருத்தல். ஐந்தாவது, முகட்டிலிருந்து பனிக்கொடி பறப்பது. காற்று எங்கே கொட்டுகிறது என்பதைக் கொடியின் திசையே காட்டும். ஆறாவது, திடீர் வெப்பம். சரிவிலிருந்து பனிப்பந்துகள் தாமாக உருண்டு வந்தாலும், கணுக்காலுக்கு மேல் ஈரப்பனியில் புதைந்தாலும் வெயில் படும் சரிவுகளை விட்டு விலகுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் முந்தைய இரவு பனி உறையவே இல்லை என்றால் அன்று கிளம்பாமல் இருப்பதே நல்லது. உறைந்திருந்தால் விடியுமுன் கிளம்பி, உச்சிவெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும்.

8. குழி தோண்டிச் சோதித்தல்

இந்தப் படியை எட்டாவதாக வைத்திருப்பது வேண்டுமென்றேதான். குழி தோண்டுவது பார்க்க அறிவியல் போல இருப்பதால், புதியவர்கள் மற்றவற்றை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு குழி ஒரு சரிவின் ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். இருபது அடி தள்ளி அடுக்கின் கனமே மாறியிருக்கலாம். குழியில் கெட்ட செய்தி வந்தால் அதை நம்புங்கள். நல்ல செய்தி வந்தால் அதை அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் கவலைப்படும் சரிவின் திசையும் உயரமும் கொண்ட, ஆனால் மேலே எதுவும் தொங்காத, சறுக்கினாலும் சில அடியில் நின்றுவிடும் சின்னச் சரிவே சரியான இடம். மரத்தடியில் தோண்டக் கூடாது. கிளையிலிருந்து சொட்டியும் விழுந்தும் அங்கே அடுக்கு கலைந்திருக்கும். துழாவுகோலை நான்கைந்து இடத்தில் குத்தி ஆழத்தைப் பார்த்து, அதிக ஆழமில்லாத இடத்தில் தோண்டுங்கள். பனி மெலிந்த இடத்தில்தான் நம் எடை நலிந்த அடுக்கை எளிதில் எட்டும் என்பது இதற்குக் காரணம்.

ஒன்றரை மீட்டர் ஆழம் வரை தோண்டி, மேல்புறச் சுவரைச் செங்குத்தாக வழித்து நேராக்குங்கள். வெயில் படாத சுவராக இருப்பது நல்லது. பிறகு கையால் கடினத்தைப் பாருங்கள்: மூடிய கைமுட்டி நுழைந்தால் மிக மென்மை, பிறகு நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கடைசியாகக் கத்தி. மேலிருந்து கீழே போகப் போகக் கடினம் மெல்லக் கூடினால் இயல்பு. ஒரு விரல் அளவுக் கடினத்தின் அடியில் திடீரென்று கைமுட்டி நுழைகிற அடுக்கு வந்தால் அதுதான் கடப்பாக்கல்லின் அடியிலிருக்கும் சர்க்கரை. அதிலிருந்து சிறிது அள்ளிக் கையுறையில் பரப்பிப் படிகங்கள் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, நீட்டித்த தூண் சோதனை. சரிவின் குறுக்காக 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவுள்ள தூணை முடிச்சிட்ட கயிற்றால் அறுத்து நாற்புறமும் தனிப்படுத்துங்கள். தூணின் ஒரு முனையில் மண்வாரித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று கையின் எடையை மட்டும் விட்டுத் தட்டுங்கள். எத்தனையாவது தட்டில் விரிசல் தோன்றியது என்பதைவிட, அதே தட்டிலோ அடுத்ததிலோ அது 90 சென்டிமீட்டர் முழுதும் பாய்ந்ததா என்பதே முக்கியம். பாய்ந்தால், தூண்டிய இடத்திலிருந்து விரிசல் சரிவு முழுதும் ஓடக்கூடும் என்று பொருள். அன்று அத்தகைய சரிவுகள் வேண்டாம்.

பொதுவான தவறுகள்: பின்புறத்தை அறுக்காமல் தட்டுவது, சாய்வே இல்லாத இடத்தில் தோண்டிவிட்டு வடக்குச் சரிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, நலிந்த அடுக்கு ஒரு மீட்டருக்கும் ஆழத்தில் இருக்கும்போது இந்தச் சோதனை ஒன்றும் காட்டாததை நல்ல விடையாக எடுத்துக்கொள்வது. அவ்வளவு ஆழத்துக்குத் தட்டின் விசை போய்ச் சேராது. ஆனால் பாளம் மெலிந்த வேறு ஓர் இடத்தில் ஒருவர் கால் வைத்தால் அதே அடுக்கு உடையும்.

9. சரிவைக் கடத்தல்

சந்தேகமுள்ள எந்த இடத்தையும் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கடக்க வேண்டும். மற்றவர்கள் பனி எட்டாத இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்தடி இடைவெளியில் வரிசையாக நடப்பது ஒரு நேரத்தில் ஒருவராகக் கடப்பது ஆகாது. அப்படிப் போனால் மொத்தக் குழுவும் ஒரே பாளத்தின் மேல்தான் இருக்கும். புகைப்படம் எடுக்க நடுவில் கூடி நிற்பதும் இதே பிழைதான். முகட்டில் நடந்தால் பனி விளிம்பு நினைப்பதைவிட உள்வாங்கி உடையும் என்பதால், பாறையோ புல்லோ தெரியும் பக்கமாகவே நடங்கள்.

10. யாராவது புதைந்துவிட்டால்

பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியானால் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு வீழ்ந்துவிடுகிறது. மீட்புக்குழு அந்த நேரத்துக்குள் வராது. ஆகவே மீட்பு என்பது அங்கே நிற்கும் உங்களால் ஆவது மட்டுமே. சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தபோது ஒருவர் ஆறாம் நாள் உயிருடன் எடுக்கப்பட்டதைச் சிலர் எனக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. கூடாரத்தில் அகப்பட்ட காற்று அவரைத் தாங்கியதாக அப்போது சொல்லப்பட்டது; அவரும் பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் இறந்தார். வெட்டவெளியில் புதைபவரின் வாயைச் சுற்றி அப்படி ஒரு காற்றறை இருக்காது.

வரிசை இது. சிக்கியவர் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கண்ணால் பிடித்து வையுங்கள். மேலே இன்னொரு பாளம் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒருவர் தலைமை ஏற்று, எல்லோரையும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ஒருவர் மறந்தால்கூட அவருடைய அலையைத் துரத்தி மற்றவர்கள் நேரத்தை இழப்பார்கள். கைப்பேசியில் சிக்னல் கிடைத்தால் ஒருவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் உதவி தேடி இறங்கிவிடக் கூடாது.

கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, 40 மீட்டர் அகலப் பட்டைகளாகத் தேடுங்கள். மேலே கிடக்கும் கையுறை, தடி ஆகியவற்றை இழுத்துப் பாருங்கள். அதன் மறுமுனையில் கை இருக்கலாம். பீக்கனில் அலை கிடைத்ததும் அதன் திரையில் தெரியும் அம்புக்குறியின் வழியே போங்கள். பாதை வளைந்து போகும்; காந்தப்புலம் வளைந்தது என்பதால் அது இயல்பே. திரையில் தூரத்தைக் காட்டும் எண் 10-க்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். 3-க்கு வந்ததும் குனிந்து பீக்கனைப் பனியோடு ஒட்டிவைத்து, திசை திருப்பாமல் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்திச் சிறிய எண் உள்ள புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பதற்றத்தில் பீக்கனை ஆட்டிக்கொண்டே ஓடுவதால் எண்கள் தாறுமாறாகக் குதிப்பதைப் பயிற்சியிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்தப் புள்ளியில் துழாவுகோலைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். பிறகு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக வெளியே போங்கள். உடம்பில் பட்டால் தரையைப் போலன்றி மெத்தென்று எதிர்வினை தெரியும். அப்போது கோலை எடுக்காதீர்கள், அதுதான் அடையாளம்.

தோண்டுவதில்தான் அதிக நேரம் போகிறது. கோலின் உச்சியிலிருந்து நேர்கீழே தோண்டினால் குழிக்குள் நீங்களே சிக்கிக்கொள்வீர்கள். உள்ளிருப்பவரின் காற்றறையையும் மிதித்து அமுக்கிவிடுவீர்கள். புதைந்த ஆழத்தைக் கோலில் பார்த்து, அதைப்போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து உள்நோக்கி வாரிக்கொண்டு வாருங்கள். ஏரி தூர்வாரும்போது மண்ணைக் கைமாற்றுவதைப் போல, முன்னால் இருப்பவர் வெட்ட, பின்னால் இருப்பவர் தள்ளிவிட, ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். முகத்தையும் மார்பையும் முதலில் விடுவித்து, வாயிலுள்ள பனியை எடுத்து மூச்சைப் பாருங்கள். மூச்சில்லை என்றால் மீதி உடம்பைத் தோண்டி முடிக்கும்வரை காத்திராமல் உடனே செயற்கைச் சுவாசத்தைத் தொடங்குங்கள். பிறகு ஈரம் தாக்காமல் போர்த்தி, அதிகம் அசைக்காமல் வைத்திருங்கள்.

11. திரும்பிய பின்

கண்டதைத் தகவல் மையத்தின் தளத்தில் அன்றே பதியுங்கள்: இடம், உயரம், சரிவின் திசை, கேட்ட ஒலி, கண்ட விரிசல். ஒன்றும் காணவில்லை என்பதும் செய்திதான். மறுநாள் அறிக்கை எழுதுபவர்களுக்கு அதுவும் பயன்படும். உங்கள் குறிப்பேட்டில், முதல் நாள் இரவு எழுதிய திட்டத்தின் பக்கத்திலேயே நடந்ததையும் எழுதுங்கள். எந்த இடத்தில் திட்டத்தை மீறினீர்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

துழாவுகோலையும் மண்வாரியையும் உலர்த்திவிட்டே பையில் வையுங்கள். ஈரம் உறைந்தால் அடுத்த முறை மூட்டுகள் பூட்டாது. பருவம் முடிந்ததும் பீக்கனிலிருந்து மின்கலங்களை எடுத்துவிடுங்கள். கோடையில் அவை கசிந்து உள்முனைகளை அரித்துவிடும். அது நவம்பரில், வண்டி நிறுத்துமிடத்தில்தான் தெரியவரும்.